குனிந்து வந்தவர்களின் பட்டியல்

ஜூன் பிறந்தால் எனக்கு அலுப்பு வந்துவிடும். கல்லூரி திறந்த முதல் வாரமே முதல்வர் அறையிலிருந்து ஆள் வருவார். போய் நின்றால் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்வி. "பேஸ்கட்பால் டீம் இந்த வருசம் உண்டா, இல்லையா?" கபடிக்கு இப்படிக் கேட்க மாட்டார். வாலிபாலுக்கும் கேட்க மாட்டார். அந்த இரண்டுக்கும் புதுக்கோட்டைப் பக்கம் ஆள் பஞ்சமே கிடையாது. எந்தப் பையனைக் கேட்டாலும் ஊரில் ஆடியிருப்பான். கூடைப்பந்துக்கு மட்டும் வருடா வருடம் நான் ஆள் பிடித்து, பந்தைக் கையில் கொடுத்து, இதுதான் பந்து என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பையன்களுக்குப் பி.டி. சார். மண்டலப் போட்டியில் எங்கள் அணி இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

"இந்த வருசம் எப்படி சார் நம்ம டீமு?" என்று ஆசையோடு கேட்ட ஆள் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். நாற்பதைத் தாண்டிய வயது. காதில் பென்சில், புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, விரலெல்லாம் மெஷின் கறுப்பு. மாணவர்களுக்கு அவர் ஜெராக்ஸக்கா. நான் நேரில் "ஏங்க" என்பேன், அதுவே போதுமானதாக இருந்தது. அவருடைய பெயரைச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் முதன்முதலாகப் படித்தேன். வேறு யாருடைய பெயரோ என்று இருந்தது. இங்கே அதை எழுதினால் எனக்கே ஆள் மாறிப்போய்விடும். விட்டுவிடுகிறேன்.

அவர் ஒரு மேட்ச்சும் பார்த்தவர் இல்லை. எங்கள் மைதானத்தில் எப்போதாவது நட்புப் போட்டி வைப்போம். அது மாலை நான்கு மணிக்கு நடக்கும். கல்லூரி விட்டு அத்தனை பேரும் கடையில் வந்து நிற்கிற நேரம் அது. பந்து போர்டில் அடிக்கிற சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்கும். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. விதியெல்லாம் ஒன்றும் தெரியாது. மூன்று பாயிண்ட் எப்போது, இரண்டு பாயிண்ட் எப்போது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும் சார், அதெல்லாம் அம்பயர் பாத்துக்குவாரு" என்பார்.

பிறகு ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தகுதிப் படிவங்களை நகல் எடுக்க அவரிடம் கொண்டுபோயிருந்தேன். போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் பையனுக்கு ஒரு படிவம். அதில் போட்டோ, பிறந்த தேதி, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு இருக்கும்.

"பன்னண்டு மொகத்தையும் ஒண்ணு ஒண்ணா இந்தக் கண்ணாடியில கவுத்துப் போட்டு எடுக்குறேன் சார். எந்த ஊரு, அப்பா பேரு, எத்தனை மார்க்கு, அம்புட்டும் கண்ணுல படுது. அப்புறம் அந்தப் பயலுக என்ன ஆனானுகன்னு இருக்காதா?" என்றார்.

ஆனால் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. அதுதான் அந்த அம்மாவின் விசேஷம். தோற்றுவிட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைப்பக்கம் போனால், "என்னாச்சு" என்று ஒரு வார்த்தை வராது. முடிந்த மேட்ச் அவருக்குப் பழைய பேப்பர். நானாக வாயைத் திறந்து, "பதினெட்டு பாயிண்ட்டுல போச்சுங்க" என்றால்கூட, "அது கெடக்கட்டும் சார். அடுத்த வருசம் யாரு யாரு நிக்கிறானுக? அந்த இடதுகைக்காரன் ரெண்டாவது வருசந்தானே?" என்று ஆரம்பித்துவிடுவார். முதலில் இது எனக்கு ஆறுதலாக இருந்தது. போகப் போக எரிச்சலாகவும் இருந்தது. இருபது வருடத் தோல்வியை ஒரு மனுசி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாவிட்டால், அதை வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு எப்படி இருக்கும்?

சேர்க்கை நடக்கும் நாட்களில் அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். மேற்குப் பார்த்த கடை, வெயிலுக்காக இறக்கியிருக்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் ஐந்தரை அடி. எனக்கு அது ஒரு தொந்தரவாக இருந்ததில்லை. ஒருநாள் காலை பத்து மணிக்குப் போனேன். அப்போதும் பாதி இறங்கியிருந்தது. மேற்குப் பார்த்த கடைக்குக் காலையில் என்ன வெயில்? கேட்டேன். சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பெயர், ஊர், எந்தத் துறை என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. சிலருக்கு நேராகக் 'குனி' என்றும் சிலருக்கு நேராக 'இடி' என்றும் போட்டிருந்தது.

"சர்டிபிகேட் எடுக்க வர்ற பயலுகள்ல யாரு குனிஞ்சு உள்ள வாரானோ அவன் ஒங்களுக்கு ஆவான் சார். யாரு தலைய இடிச்சுக்கிறானோ அவன் வேணாம்."

"ஏங்க, இடிச்சவன் இன்னும் ஒசரமா இருப்பானே?"

"ஒசரம் இருக்கும். கண்ணு இருக்காது."

இருபது வருடம் விளையாட்டுக் கல்வி படித்தும் கற்பித்தும் இப்படி ஒரு தேர்வுமுறை எனக்குத் தோன்றியதில்லை. அன்றிலிருந்து என் அணியில் பாதிப் பேர் அந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தவர்கள்தான்.

ஒரே ஒரு தடவை அவரே தன் விதியை மீறினார். "இவன் இடிச்சவன்தான் சார். ரெண்டு தடவ இடிச்சான், உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும். ஆனா ஒசரத்தப் பாருங்க" என்று ஒரு பையனைக் காட்டினார். கந்தர்வகோட்டைப் பக்கம், முந்திரித் தோப்புக்காரர் மகன், பி.காம். சாதுவான பையன். யாராவது சத்தமாகப் பேசினால் பந்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுவான். அவனுக்கு ஆட்டமெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கரைசேராது என்று ஒரே ஒரு பாடம் நடத்தினேன். ரிங்குக்குக் கீழே நில், பந்து வந்தால் யோசிக்காதே, மேலே போடு.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் இரண்டு ரிங் உண்டு, பழகுவது ஒன்றில்தான். இன்னொன்றின் அடியில் ஆசிரியர்கள் கார் நிறுத்துவார்கள். புங்கமர நிழல் அங்கேதான் விழும். ஆகவே எங்கள் பையன்கள் மூன்று வருடமும் ஒரே கூடையைப் பார்த்து வளர்கிறவர்கள்.

தஞ்சாவூரில் மேட்ச். கடைசி நிமிடம், ஒரு பாயிண்ட் நாங்கள் முன்னால். எதிரணி போட்ட பந்து எங்கள் ரிங்கில் பட்டுத் தெறித்து, கந்தர்வகோட்டைப் பையன் கையில் வந்து உட்கார்ந்தது. அவன் சொன்ன சொல் தவறாத பிள்ளை. யோசிக்கவில்லை. மேலே போட்டான். வலைகூட அசையாமல் அவ்வளவு சுத்தமாக விழுந்தது. எதிரணி ஆட்கள் கைதட்டினார்கள். அவனும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், பாவம்.

மறுநாள் கடைக்குப் போய், அவர் கேட்காமலே நானே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்படியாவது அந்த அம்மாவுக்கு உறைக்கட்டும் என்ற கோபம் எனக்கு. முழுக்கக் கேட்டுவிட்டு, "பந்து கூடைக்குள்ளதானே சார் போச்சு?" என்றார்.

"நம்ம கூடைக்குள்ளங்க!"

"கை நல்லா இருக்குன்னு தெரிஞ்சு போச்சுல்ல. அடுத்த வருசம் ரெண்டு கூடையும் வெச்சுப் பழக்குங்க."

அன்று மாலையே பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். 'பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தால் கல்லூரி பொறுப்பல்ல.' இரண்டாவது ரிங்கின் கம்பத்தில் அதை ஒட்டினேன். மறுநாள் காலையில் அங்கே ஒரு கார் இல்லை, முதல்வரின் காரும்தான். ஒரு மாதம் இரண்டு கூடையிலும் ஆடினோம். பிறகு மழை வந்து தாள் கிழிந்தது, கார்கள் திரும்பி வந்துவிட்டன.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம். ஜூலையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஆகஸ்டில் மூன்று பேர் கேட்டரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் அரியர் வைத்தார்கள். அதில் ஒருவனுடைய அம்மா திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, "எம்புள்ளைய விட்ருங்க சார்" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், நான் ஏதோ அவனைக் கடத்தி வைத்திருப்பதைப் போல. மீதி ஆறு பேருக்கும் ஐந்து பத்து டவுன் பஸ். அதை விட்டால் ஊருக்கு வண்டி கிடையாது. ஐந்து மணிக்குப் பந்தை எடுத்தால் ஐந்தே காலுக்கு மைதானத்தில் நானும் விசிலும்தான் நிற்போம். எனக்கு முட்டியும் வலி. படிவங்களை அனுப்பக் கடைசி நாள் வந்தது. மேஜை டிராயரைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். முதல்வரிடம் போய் ஆள் சேரவில்லை என்றேன். "சரி" என்றார். ஒரே ஒரு சரி. பையன்களிடம் தேதி தவறிவிட்டது என்றேன். "பரவால்ல சார்" என்றார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் ஜெராக்ஸக்கா வாசலில் பிடித்துக்கொண்டார். "ஃபார்மெல்லாம் எங்க சார்? கடைசித் தேதி வந்துருச்சே?"

"ஆபீஸ்ல புது மெஷின் வந்துருக்குங்க. அதுலயே எடுத்து அனுப்பிட்டேன்" என்றேன். எப்படித்தான் அவ்வளவு சரளமாக வந்ததோ.

அவர் முகம் சின்னதாகிவிட்டது. "அப்படியா சார். நல்லது" என்றார். பிறகு, "மேட்சு எங்கிட்டு?" என்றார்.

"திருச்சியில."

"எந்தக் காலேஜு? என்னைக்கு?"

வாத்தியார் புத்தி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். சுற்றறிக்கையில் இருந்த கல்லூரியையும் தேதியையும் அப்படியே ஒப்பித்தேன்.

அந்த வாரம் முழுக்கப் பின்வாசல் வழியாகவே வந்து போனேன். அடுத்த வாரம் வேறு வழியில்லாமல் கடைக்குப் போனேன். தோற்றுவிட்டோம் என்று ஒரு கதையும் கைவசம் தயாராக இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த வருசம் நல்ல பயலுக வாராங்க சார். ஸ்கூலுப் பயலுக ஹால்டிக்கெட் எடுக்க வருவானுகல்ல, இப்பயே பாத்து வெச்சுருக்கேன்" என்றார். அப்பாடா என்று இருந்தது. அவருடைய பழக்கம் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூனில் நோட்டைக் கொடுக்கும்போது மட்டும் ஒன்று சொன்னார். என்னைப் பார்க்காமல் மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இந்த வருசம் ஃபார்ம நம்ம மெஷின்லயே எடுத்துருவோம் சார்." வியாபாரம் போன வருத்தம் போல என்று எடுத்துக்கொண்டேன். என் மூளை அந்த மட்டில்தான் வேலை செய்தது.

எட்டுப் பேருக்கு அவரே நகல் எடுத்துக் கட்டிக் கொடுத்தார். அனுப்பினேன். முதல் சுற்றில் நான்கு பாயிண்ட்டில் தோற்றோம். அதற்குள் அவருக்கு உடம்பு முடியாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக வீட்டார் அலைந்துகொண்டிருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பார்க்கப் போனேன். தலையில் துண்டு கட்டிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை வெளுத்துவிட்டிருந்தது. மெஷின் கறுப்பு இல்லாமல் அந்த விரல்களை நான் பார்த்ததே இல்லை.

"ஒடம்பு எப்படிங்க இருக்கு?"

"அது கெடக்கட்டும் சார். அந்த ரெண்டு குனிஞ்ச பயலுகளும் வர்ற வருசம் மூணாவது வருசம். கை பழகிரும். அவனுகள விட்றாதீங்க."

"விட மாட்டேன்" என்றேன். மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த ஜூனுக்கு வருகிறேன். அந்த இரண்டு பேரில் ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். இன்னொருவன் இருக்கிறான். அவனையும் சேர்த்து ஆறு பேர். பந்து இரண்டு, அதில் ஒன்றுக்குக் காற்று நிற்காது. இரண்டாவது ரிங்கின் அடியில் இப்போது தகரக் கொட்டகையே போட்டுவிட்டார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். போன திங்கட்கிழமை முதல்வர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இல்லை சார் என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். பேஸ்கட்பால் அணி இந்த ஆண்டு பங்கேற்க இயலாது என்று நான்கு வரி அடித்தேன். நகல் ஒன்று வேண்டும். ஆபீஸ் மெஷின் நிஜமாகவே பழுதாகிக் கிடந்தது. சாலையைக் கடந்து போனேன்.

அவருடைய தங்கைதான் இப்போது கடையைப் பார்க்கிறார். ஷட்டர் முழுக்க ஏற்றியிருந்தது. தாளைக் கண்ணாடியில் வைக்கப் போனவர், மேல் வரியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பேஸ்கட்பால் பேப்பரா சார்? அக்கா இருந்தா இந்நேரம் ஒங்களக் கேள்வி கேட்டே கொன்னுருக்கும்."

"ஆமாம்மா."

"கடையத் தொறக்காமப் போட்டுட்டு அது வெளிய போன ஒரே நாளு ஒங்க மேட்சுக்குத்தான் சார்."

"எந்த மேட்சுக்கு?"

"திருச்சியில நடந்துச்சே, போன வருசத்துக்கு மொத வருசம். நீங்கதான் தேதி சொன்னீங்களாமே? ஒரு தடவயாச்சும் பாத்துர்றேன்னு முத பஸ்ஸுக்குப் போயிருச்சு. டப்பாவுல புளிச்சோறு கட்டிக்கிட்டு, பயலுகளுக்குக் கடல மிட்டாயெல்லாம் வாங்கிக்கிட்டுப் போச்சு. பொழுது சாயத்தான் வந்துச்சு."

"வந்து என்னம்மா சொன்னாங்க?"

"நானும் கேட்டேன் சார், எப்படி ஆடுனாங்கன்னு. நம்ம பயலுக நல்லா ஆடுனானுக, அடுத்த வருசம் பாருன்னு சொல்லுச்சு. கடல மிட்டாய மட்டும் அப்படியே திருப்பிக் கொண்டாந்துருச்சு. குடுக்க மறந்துட்டேன்னுச்சு."

அந்தத் திருச்சி மைதானம் எனக்குத் தெரியும். அகலமான படிக்கட்டு, வெயில் நேரே அடிக்கும். நுழைந்ததும் இடதுபக்கம் எந்த அணி யாரோடு என்று பெரிய பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் கல்லூரிப் பெயர் இல்லாத அந்தப் பலகையின் முன்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ. யாரிடமாவது விசாரித்தாரோ என்னவோ. சாயங்காலம் வரை யாருடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? வாழ்நாளில் அவர் போன ஒரே மேட்ச், அதில் நாங்கள் இல்லை. வீட்டுக்கு வந்து தங்கையிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் நான் திருடனைப் போலக் கடைக்குள் நுழைந்தபோது எல்லாம் தெரிந்துதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். இத்தனை வருடம் அவர் என்னிடம் முடிந்ததைக் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கையெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. வெட்கம்தான் வந்தது.

"எத்தனை காப்பி சார்?" என்றார் தங்கை. மெஷின் மூடியில் கை வைத்திருந்தார்.

தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "இது வேணாம்மா. அக்கா ஃபைல்ல எலிஜிபிலிட்டி ஃபார்ம் வெறும் ஃபார்மா ஒண்ணு இருக்கும், பாருங்க. அதுல பன்னண்டு போடுங்க."

தேடி எடுத்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது. "பன்னண்டு பேரு சேந்துட்டாங்களா சார்? இந்த வருசம் நல்ல டீமா?"

"ஆறு பேரும்மா" என்றேன். "அதுல ஒருத்தனுக்குக் கை நல்லா பழகியிருக்கு."

படிவங்கள் சூடாக இருந்தன. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே சேர்க்கைக்கு வந்த பையன்கள் கையில் சான்றிதழ்க் கவரோடு கும்பலாக நின்றார்கள். திரும்பி, "வெயில் உள்ள அடிக்குதும்மா" என்று சொல்லி ஷட்டரைப் பிடித்துப் பாதிக்கு இறக்கிவிட்டேன். மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. தங்கை குனிந்து வெளியே எட்டிப் பார்த்தார்.